72 கிலோமீற்றரும் இரண்டு பிஸ்கட்டும்

கடிதத்தின் சுருக்கம் (ஊர், பாடசாலை, ஆட்களின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன)

வன்னியில் ஒரு குளத்தடிக் கிராமத்திலிருந்து 26 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். தான் படித்த பாடசாலையிலேயே, சம்பளம் எதுவும் வாங்காமல், ஐந்து பெண் பிள்ளைகளுக்கு 1500, 3000 மீற்றர் ஓட்டம் பழக்குகிறார். பிள்ளைகளின் வயது 15 முதல் 18 வரை. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைப் பெண்களுக்கான அட்டவணை ஒன்றில் கிழமைக்கு 45 மைல் என்று கண்டதால் 72 கிலோமீற்றரை இலக்காக வைத்திருக்கிறார். ஆறு கிழமைக்கு முன் 30 கிலோமீற்றரில் தொடங்கி, கிழமைக்குப் பத்து வீதம் கூட்டி, இப்போது 53இல் நிற்கிறார்கள். ஐந்து பேருக்கும் ஒரே தூரம். தினமும் காலை குளக்கட்டில் ஓட்டம். தூரத்தை மோட்டார் சைக்கிள் மீற்றரில் அளந்திருக்கிறார்.

அவர்களில் கெட்டிக்காரி 17 வயதுப் பிள்ளை. சென்ற வருடம் மாகாண மட்டத்தில் மூன்றாம் இடம். இப்போது நேரம் கூடிக்கொண்டே போகிறது. மூன்று கிழமையாக வலது கீழ்க்காலின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில் நோ. ஆறு மாதத்தில் 44 கிலோவிலிருந்து 41க்கு இறங்கிவிட்டாள். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று அவளுடைய அம்மா உடற்கல்வி ரீச்சரிடம் சொல்லியிருக்கிறார். “ஓட்டக்காரிகளுக்கு அப்படித்தான், கடுமையாகப் பயிற்சி எடுக்கிறாள் என்பதற்கு அடையாளம்” என்று தெரிந்த ஒருவர் இவருக்குச் சொன்னாராம். மாகாணப் போட்டிக்கு இன்னும் ஐந்து கிழமை. அவள் ஓடலாமா, கிழமைக்குச் சரியான தூரம் எவ்வளவு, பெண் பிள்ளைகள் தூரம் ஓடினால் கர்ப்பப்பை பழுதாகும் என்று மறிக்கும் ஒரு தகப்பனுக்கு என்ன பதில் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள தம்பி,

மோட்டார் சைக்கிளில் தூரம் அளந்து, அட்டவணை தேடி, ஒவ்வொரு நாளும் விடிய ஐந்து மணிக்குக் குளக்கட்டில் நிற்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்படி ஒருவர் கிடைத்தது சின்ன விசயம் இல்லை. அதனால் சுற்றி வளைக்காமலே எழுதுகிறேன். நீங்கள் தூரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன்.

அவள் இந்தப் போட்டியில் ஓட முடியாது

ஒரு விரல் நுனியால் மூடக்கூடிய இடத்தில் எலும்பு நோகிறது, ஓடும்போது கூடுகிறது, இப்போது நடக்கும்போதும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கீழ்க்கால் நெடுக நீளமாக நோவது வேறு, அது பெரும்பாலும் தசை எலும்பில் பிடித்திருக்கும் இடத்து உளைவு. இப்படி ஒரு புள்ளியில் நோவதைத் தகைப்பு முறிவு, அதாவது எலும்பில் விழுந்த மயிரிழை வெடிப்பு என்று எண்ணித்தான் நான் நடப்பேன், இல்லை என்று உறுதியாகும் வரை. ஒற்றைக் காலில் துள்ளவிட்டுப் பார்க்காதீர்கள். மாவட்ட வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவுக்கு அம்மாவோடு இந்தக் கிழமையே அனுப்புங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் சந்தோசப்பட்டுவிட வேண்டாம். முதல் இரண்டு மூன்று கிழமைக்கு இந்த வெடிப்பு எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கும். நோ தொடர்ந்தால் மீண்டும் எடுக்கவேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. செய்யவேண்டும். அதற்கு வெளி மாவட்டத்துக்குப் போகவேண்டி வரலாம்.

அந்த இடத்து வெடிப்பு பொதுவாக ஆறு முதல் எட்டுக் கிழமையில் ஆறும். ஆறிய பிறகுதான் மெல்ல ஓட்டம் தொடங்குவது. ஐந்து கிழமையில் 3000 மீற்றர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊசி போட்டோ நோக்குளிசை கொடுத்தோ ஓட விடலாமா என்று யாராவது கேட்டால், மறித்துவிடுங்கள். மயிரிழையாக இருப்பது முழு முறிவாக மாறுவது அப்படித்தான். இன்னொன்று: ஐவரில் யாருக்காவது காலை ஊன்றும்போது அரைப்பக்கம், கவட்டில் ஆழமாக நொந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. தொடை எலும்பின் கழுத்தில் வரும் வெடிப்பு விளையாட்டுக் காரியமில்லை.

சரி, ஏன் வெடித்தது? குளக்கட்டை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு மாரிக்கும் கட்டு கொஞ்சம் கரையும். கோடையில் மண் போட்டுத் திருத்துவார்கள். திருத்தாமல் அடுத்த மாரியைச் சந்தித்தால் ஒரு நாள் உடைக்கும். ஓடும்போது எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, இரவில் உடம்பு திருத்துகிறது. அந்த வேலைக்குச் சாப்பாடும் வேண்டும், ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோனும் வேண்டும். இவளிடம் இரண்டும் குறைந்திருக்கின்றன. மாதவிடாய் நின்றது கடும் பயிற்சிக்கு அடையாளம் என்று சொன்னவர் பாதி சரி. உடம்புக்கு வரவைவிடச் செலவு கூடிவிட்டது என்பதற்கு அது அடையாளம். பஞ்ச காலத்தில் குடும்பம் எதை நிறுத்துமோ அப்படி உடம்பு பிள்ளைப்பேற்று வேலையை முதலில் நிறுத்துகிறது, பிறகு எலும்பில் கை வைக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதைத் தனி நோய்நிலையாகவே வரையறுத்து, 2023இல் புதுப்பித்தது. முழு வயதுக்கான எலும்பில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடும். இந்த வயதில் தவறவிட்டதைப் பிறகு முழுதாகப் பிடிப்பது கடினம்.

மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் நின்றால், அல்லது 15 வயது முடிந்தும் பெரியபிள்ளை ஆகாவிட்டால், வைத்தியரிடம் காட்டவேண்டும். ஓடுகிறாளோ இல்லையோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வைத்தியர் தைரொயிட்டும் இரத்தமும் பார்ப்பார், கர்ப்பப் பரிசோதனையும் செய்வார். அது எல்லோருக்கும் செய்கிற வழமை. இதை அம்மாவுக்கு ரீச்சர் முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு துண்டுக் கடதாசியைப் பார்த்து வீட்டில் வெடிக்கும், ஊரில் கதை பரவும், பிள்ளை மைதானப் பக்கமே வரமாட்டாள். நான் பார்த்திருக்கிறேன். மாதவிடாயை வரவழைக்கக் குளிசை கேட்டு வாங்கவும் வேண்டாம். குளிசையால் இரத்தம் வரும், எலும்பின் பிரச்சினை அப்படியே ஒளிந்திருக்கும்.

எந்த 45?

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். மைலைக் கிலோமீற்றராக மாற்றியதில் பிழை இல்லை, 45 மைல் 72 கிலோமீற்றர்தான். ஆனால் அங்கே 45 மைல் ஓடுகிற பிள்ளை பெரும்பாலும் மூன்று நான்கு வருடம் ஓடிப் பழகிய கடைசி வகுப்புக்காரி. அவள் பாடசாலைக்கு பஸ்ஸிலோ காரிலோ போகிறாள். உங்கள் பிள்ளைகள் ஓடி முடித்து, நான்கு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துப் பாடசாலை, பின்னேரம் ரியூசன், வீட்டில் தண்ணீர் அள்ளுவது, விதைப்புக் காலத்தில் வயல். இந்த உழைப்பு எந்த அட்டவணையிலும் இல்லை. காலுக்கும் வயிற்றுக்கும் மட்டும் அது தெரியும்.

பத்து வீதம் கூட்டினால் பாதுகாப்பு என்று நம்பியிருக்கிறீர்கள். நுண்கடன் வட்டி நம் ஊரில் எத்தனை வீட்டை விழுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். இதுவும் வட்டிக்கு வட்டிதான். 30இல் தொடங்கினால் ஆறாம் கிழமை 53, எட்டாம் கிழமை 64. இரண்டே மாதத்தில் இரட்டிப்பை விடக் கூட. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை இரு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. பத்து வீத விதிப்படி மெல்லக் கூட்டிய குழுவுக்கும் மற்றக் குழுவுக்கும் காயத்தில் வித்தியாசம் இருக்கவில்லை. எலும்பு வீதக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு தூரத்தில் மூன்று நான்கு கிழமை நின்று பழகி, ஒரு கிழமை காற்பங்கு குறைத்து, பிறகு ஒரு படி ஏறுவதுதான் நான் சொல்வது.

எண் கேட்டீர்கள், எண் தருகிறேன். இது என் அனுபவத்திலிருந்து வரும் அளவு, சட்டம் இல்லை. இரண்டு மாதம் முன் சேர்ந்த 15 வயதுப் பிள்ளைக்கு இப்போது 20 முதல் 25 கிலோமீற்றர் போதும், அதுவும் நான்கு நாளில். அவளை நாளைக்கே 53இலிருந்து இறக்குங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடிய இரண்டு பேருக்கு 30 முதல் 40, ஐந்து நாள். மூன்று வருடம் ஓடிய, மாதவிடாய் ஒழுங்காக வருகிற, எலும்பில் நோ இல்லாத 18 வயதுக்காரிக்கு 45 முதல் 55 வரை போகலாம், ஆறு நாள். அதற்கு மேல் இப்போதைக்கு யாருக்கும் வேண்டாம். 1500 மீற்றரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சக்தி மூச்சுக்காற்றை நம்பித்தான் வருகிறது, ஆகவே மெது ஓட்டம் வீண் என்று சொல்லமாட்டேன். மெது ஓட்டத்தை உண்மையிலேயே மெதுவாக ஓடவேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் ஓடுகிறவளுக்குப் பள்ளிக்கூடக் கதை முழு வசனமாகச் சொல்ல முடிய வேண்டும்.

முடிந்தால் கிலோமீற்றரை விட்டு நிமிடத்துக்கு மாறுங்கள். ஒரே பத்துக் கிலோமீற்றரைக் கெட்டிக்காரி 50 நிமிடத்தில் முடிக்கிறாள், புதியவள் 70 நிமிடம் இழுக்கிறாள். அதாவது குழுவிலேயே பழக்கம் குறைந்த காலுக்குத்தான் நீங்கள் நீண்ட வேலை கொடுக்கிறீர்கள்.

மூத்தவளுக்கு ஒரு கிழமை எப்படி இருக்கலாம் என்றால்: திங்கள் மெதுவாக 7. செவ்வாய் 600 மீற்றர் ஐந்து தடவை வேகமாக, இடையில் மெது ஓட்டம், முன்னும் பின்னும் உடம்பைச் சூடாக்கி ஆற்றுவதோடு மொத்தம் 8. புதன் மெதுவாக 6. வியாழன் ஓய்வு. வெள்ளி 20 நிமிடம் கொஞ்சம் கடினமான, ஆனால் ஒரே சீரான ஓட்டம், மொத்தம் 8. சனி 5, முடிவில் 80 மீற்றர் ஆறு தடவை இலேசாக இழுத்து ஓடுவது. ஞாயிறு 11. கூட்டிப் பாருங்கள், 45 வரும். நீங்கள் தேடிய அதே எண், கிலோமீற்றரில்.

குளக்கட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஓரம் சரிந்த கிரவல் கட்டில் தினமும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் மேட்டில், மற்றது பள்ளத்தில். போகும்போது வலது ஓரம், திரும்பும்போதும் கட்டின் அதே ஓரம் (அப்போது அது இடக்கைப் பக்கம் இருக்கும்) என்று மாற்றுங்கள், அப்போது சரிவு இரண்டு காலுக்கும் பகிர்ந்து விழும். கிழமைக்கு இரண்டு நாளாவது பாடசாலைப் புல்லில் ஓடட்டும். “சில நாள் காட்டுப் பாதையால் குறுக்கே போவோம்” என்று ஒரு வரி இருந்தது. வேண்டாம். ஊராட்கள் நாளாந்தம் நடக்காத பாதையில் பலகை இல்லை என்பதற்காக மிதிவெடி இல்லை என்று ஆகாது. விடியப்புறம் யானையும் நிற்கும்.

ஐந்து மணிக்கு என்ன சாப்பிடுகிறார்கள்?

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: “காலையில் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துவிட்டு வருவார்கள்.” பிறகு ஒன்பது கிலோமீற்றர். பிறகு குளித்து, சைக்கிளில் பாடசாலை. அடுத்த சாப்பாடு இடைவேளைக்கு, பத்தரை மணிக்கு. அதாவது ஐந்தரை மணித்தியாலம் இரண்டு பிஸ்கட்டில் ஓடுகிறது.

கணக்கு எளிது. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீற்றருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. 41 கிலோப் பிள்ளை கிழமைக்கு 53 கிலோமீற்றர் ஓடினால் 2,170 கலோரி, ஒரு நாளுக்கு 310. வேகவைத்த சோறு ஒரு கோப்பை ஏறத்தாழ 200. ஆகவே வீட்டில் மற்றப் பிள்ளைகள் சாப்பிடுவதற்கு மேல் இவளுக்கு மட்டும் தினமும் ஒன்றரைக் கோப்பை சோறு வேண்டும், ஓட்டத்துக்காக. வளர்வதற்கும் சைக்கிளுக்கும் வேறு. அது தட்டில் விழுகிறதா என்று பாருங்கள். விழாத வீட்டில் கிலோமீற்றரைக் குறைப்பதுதான் நேர்மை.

ஓட முன் இரண்டு வாழைப்பழம், அல்லது முதல் நாள் புட்டில் ஒரு பிடி. முடிந்து அரை மணித்தியாலத்துக்குள், மைதானத்திலேயே, ஒரு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் கவ்பி அல்லது பயறும். கச்சான் கையில் இருந்தால் அதுவும் நல்லது. மதியம் நெத்தலியோ குளத்து மீனோ, இலைக்கறி, தயிர். நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் எலும்புக்கும் ஆகும். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் பெரியபிள்ளை ஆன கிழமையோடு முடியவேண்டும் என்று யார் சொன்னது? வெயில் ஏறிய நாளில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியோ மோரோ கொடுங்கள். தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

இரத்தம் பார்க்கும்போது ஹீமோகுளோபினோடு பெரிட்டினும், அதாவது உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பின் அளவும், பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. 12க்கு மேல் இருந்தும் சேமிப்பு வற்றி, நேரம் கூடிப்போகிற ஓட்டக்காரிகள் உண்டு. பார்க்காமல் இரும்புக் குளிசையை நீங்களாக அள்ளிக் கொடுக்க வேண்டாம். தலசீமியாக் கூறு, அதாவது பரம்பரையாக வரும் ஒரு இரத்தக் குறை, உள்ளவர்களுக்கும் இரத்தம் குறைவாகத்தான் காட்டும், அவர்களுக்கு இரும்பு மருந்தாகாது.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் உதவி செய்தால் நம் ஊரில் முதலில் ஜேர்சி அடிப்போம், பிறகு கேடயம் வாங்குவோம். இந்த முறை முட்டை கேளுங்கள். ஐந்து பிள்ளைக்குக் கிழமைக்கு முப்பது முட்டை. ஜேர்சியில் பேர் போடலாம், முட்டையில் போட முடியாது என்று யாராவது முணுமுணுத்தால் என் பேரைச் சொல்லுங்கள்.

தகப்பனுக்கு

அவரைக் கோபிக்காதீர்கள். அவர் பயந்த அதே பயத்தை உலகமே பயந்திருக்கிறது. 1928இல் அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீற்றர் ஓடினார்கள். களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்தன. 1960 வரை அந்தப் போட்டியே இல்லாமற் போனது. 1500 மீற்றர் 1972இல், 3000 மீற்றரும் மரதனும் 1984இல்தான் பெண்களுக்கு வந்தன. இத்தனை வருடத்தில் ஓட்டத்தால் கர்ப்பப்பை இறங்கியது, பிள்ளை தங்கவில்லை என்பதற்கு ஆதாரம் வரவில்லை. நம் நாட்டுத் தருஷி கருணாரத்ன 18 வயதில், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 800 மீற்றர் தங்கம் எடுத்ததை அவரும் செய்தியில் பார்த்திருப்பார்.

ஆனால் ஒன்று, தம்பி. சாப்பாடில்லாமல் ஓடினால் மாதவிடாய் நிற்கும் என்பதையும் அவரிடம் மறைக்காதீர்கள். மகளுக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று தாய் கவனித்து ரீச்சரிடம் சொன்னால், தூரத்தை அதற்கேற்ப நாங்கள் வைப்போம் என்று சொல்லுங்கள். பயந்த மனிதரிடம் காவல் வேலையைக் கொடுத்தால் அவர் மறிக்கமாட்டார்.

உங்கள் பக்கம்

பிள்ளைகளின் மாதவிடாயைப் பற்றி நீங்கள் நேரே கேட்கவேண்டாம். குறிப்புக் கொப்பி ரீச்சரிடம் இருக்கட்டும். உங்களுக்கு “ஓடலாம், ஓட வேண்டாம், குறைத்து ஓடலாம்” என்ற மூன்றில் ஒன்று தெரிந்தால் போதும். வைத்தியரிடமும் அதற்கு மேல் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அவளுடைய பரிசோதனை விபரம் அவளுக்கும் பெற்றோருக்கும் உரியது. விடியப்புறப் பயிற்சியில் ரீச்சரோ ஒரு தாயோ கட்டாயம் நிற்கட்டும், அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுத்து வையுங்கள். இது பிள்ளைகளுக்கும் காவல், உங்களுக்கும் காவல். எங்காவது ஒரு பயிற்றுவிப்பாளர் எல்லை மீறுகிறார் என்று தெரிந்தால் பெற்றோர் 1929க்கு அழைக்கலாம், அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். பிள்ளைகளிடமும் அந்த எண் இருக்கட்டும்.

கடைசிப் பக்கத்தில், நெருக்கி எழுதிய ஒரு வரி: “போன வருடம் நான்தான் இரண்டு கிலோ குறைத்தால் பத்து செக்கன் குறையும் என்று அவளிடம் சொன்னேன்.” இதை எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன். உலகம் முழுக்கப் பயிற்றுவிப்பாளர்கள் சொன்னதுதான் இது. மேரி கெயின் என்ற அமெரிக்கப் பிள்ளை 17 வயதில், 2013 உலகப் போட்டியில் 1500 மீற்றர் இறுதிக்குப் போனவர். பிறகு மெலியச் சொல்லி மெலியச் சொல்லி, மூன்று வருடம் மாதவிடாய் நின்று, ஐந்து எலும்பு உடைந்ததென்று 2019இல் தானே வெளியே சொன்னார். பாடசாலையில் எடைத் தராசு இருந்தால் அதை விஞ்ஞான அறைக்கே அனுப்பிவிடுங்கள்.

அவளிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அம்மாவும் ரீச்சரும் பக்கத்தில் இருக்கும்போது. நான் சொன்னது பிழை, அந்தக் கிலோக்கள் திரும்பி வரவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இந்த வருடம் போட்டிக்கு அவளையும் கூட்டிப் போங்கள், மற்றவர்களுக்குச் சுற்றுக்கு நேரம் எடுத்துக் கொடுக்க. மைதானத்துக்கு வெளியே விடப்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்துகொண்டு இன்னும் குறைவாகச் சாப்பிடுவார்கள். இருபது வயதுக்குட்பட்ட பிரிவில் அவளுக்கு இன்னும் போட்டிகள் இருக்கின்றன. வைத்தியசாலைத் துண்டு வந்ததும், அம்மா சம்மதித்தால், எனக்கும் எழுதுங்கள். பெரிட்டின் எண்ணை மறக்காமல் சேருங்கள், துண்டையும் அந்த எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் அவள் எப்போது, எத்தனை நிமிடத்தில் திரும்பத் தொடங்கலாம் என்று சொல்ல முடியும்.